இறங்கி வரும் நகரம்

பரலோகத்தைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகளில் ஒரு காட்சி மாறவே மாறாது. முத்து வாசல், வாசலில் வெள்ளைத் தாடியோடு பேதுரு, கையில் தடித்த பேரேடு. செத்துப்போன வக்கீலும் அரசியல்வாதியும் வரிசையில் நிற்பார்கள். அவர் கேள்வி கேட்பார், இவர்கள் மழுப்புவார்கள். விவிலியத்தில் இந்தக் காட்சி எங்கும் இல்லை. மத்தேயு 16-ஆம் அதிகாரத்தில் பேதுருவுக்குப் பரலோக ராஜ்யத்தின் திறவுகோல்கள் வாக்களிக்கப்படுவது உண்மைதான். ஆனால் முத்து வாசல்கள் வருவது கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்தில். அங்கே வாசல்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு தேவதூதன். வாசல்களில் எழுதியிருப்பவை இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர்கள். அப்போஸ்தலர்களின் பெயர்கள் மதிலின் அஸ்திவாரங்களில் இருக்கின்றன. ஆகவே பேதுருவைத் தேடுகிறவர் குனிந்து அஸ்திவாரத்தைத்தான் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, அந்த வாசல்கள் அடைக்கப்படுவதே இல்லை என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. வாயிற்காப்போனுக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

சிரிப்புக்காகச் சொல்லும் கதையில் பிழை இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் துக்க வீட்டுப் பிரசங்கத்திலும் ஓய்வுநாள் பள்ளிப் படங்களிலும் கிறிஸ்தவர்கள் வளர்த்து வைத்திருக்கும் சித்திரமும் ஏறக்குறைய இதே வகைதான். உயிர் பிரிந்ததும் ஆத்துமா மேலே போகிறது. மேகங்களுக்கு நடுவே என்றென்றைக்கும் தங்கிவிடுகிறது. பூமியின் கதை அதோடு சரி. விவிலியத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களைப் படிக்கிறவர் இதற்கு நேர்மாறான திசையைக் காண்பார். அங்கே மனிதர்கள் ஏறிப் போவதில்லை. நகரம் இறங்கி வருகிறது. கடவுள் தம் குடியிருப்பை மனிதரிடையே மாற்றிக்கொள்கிறார். இந்தத் திசையைப் பிடித்துக்கொண்டால் பரலோகம் பற்றிய மற்ற வசனங்களும் தத்தம் இடத்தில் வந்து அமரும் என்பதே இவ்வுரையின் வாதம்.

முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். பழைய ஏற்பாட்டில் பரலோகத்தைத் தேடிப் போகிறவருக்குக் கிடைப்பது சொற்பம். வானம் கடவுளின் சிங்காசனம். செத்தவர்கள் போய்ச் சேரும் இடமன்று. நல்லவரும் பொல்லாதவரும் ஒன்றுபோல இறங்குவது பாதாளத்துக்கு: வெளிச்சமில்லாத, பேச்சும் பாட்டும் அற்ற ஓர் இடம். யூதாவின் அரசன் எசேக்கியா நோயில் விழுந்து சாகக் கிடந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான். 15 ஆண்டுகள் ஆயுள் கூட்டித் தரப்பட்டது. பிழைத்தபின் அவன் எழுதியதாக ஏசாயா 38-இல் ஒரு செய்யுள் இருக்கிறது. செத்தவர்களால் கடவுளைத் துதிக்க முடியாது, அது உயிரோடிருக்கிறவர்களின் வேலை என்று அவன் அதில் கிட்டத்தட்ட வழக்காடுகிறான். எருசலேம் ஆலயத்தைச் சுத்திகரித்த பக்தன் அவன். அவனுக்கே, செத்தால் கடவுளிடம்தானே போகப்போகிறோம் என்ற ஆறுதல் தோன்றவில்லை. ஏனோக்கும் எலியாவும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள் என்பார்கள். உண்மை; ஆனால் அவர்கள் சாகவே இல்லை.

நிலைமை மாறியது கி.மு. 167-ஐ ஒட்டிய ஆண்டுகளில். சிரியாவிலிருந்து ஆண்ட நான்காம் அந்தியோக்கு யூத சமய ஒழுக்கங்களைத் தடைசெய்தான். குழந்தைக்கு விருத்தசேதனம் செய்த தாய்மார்களும் ஓய்வுநாளைக் காத்தவர்களும் கொல்லப்பட்டார்கள். பாவத்துக்குத் தண்டனை சாவு என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதுச் சிக்கல். கடவுளுக்கு உண்மையாக இருந்ததற்காகவே ஒருவன் செத்தால், அவனுக்கு நியாயம் எங்கே, எப்போது? தானியேல் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில், மண்ணில் உறங்குகிறவர்கள் விழித்தெழுவார்கள் என்ற அறிவிப்பு வருகிறது. இன்னும் நெருக்கமான காட்சி மக்கபேயர் இரண்டாம் நூலின் 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கத்தோலிக்கர்களின் விவிலியத்தில் அது உண்டு. சீர்திருத்தச் சபைகள் அதைத் தள்ளுபடி ஆகமங்களில் சேர்த்திருக்கின்றன. தாயின் கண்முன்னே ஏழு மகன்கள் ஒருவர்பின் ஒருவராகச் சித்திரவதை செய்யப்படுகிறார்கள். மூன்றாமவன் முறை வருகிறது. கேட்டதும் நாக்கை வெளியே நீட்டுகிறான். கைகளையும் துணிந்து நீட்டுகிறான். இவை மேலிருந்து வந்தவை, மேலிருந்தே இவற்றைத் திரும்பப் பெறுவேன் என்பது அவன் நம்பிக்கை. அவன் கேட்டது சிறகுகளையல்ல. வெட்டப்படப்போகும் அந்தக் கைகளையே கேட்டான். ஆத்துமா அழியாதது என்ற தத்துவ விசாரணை கிரேக்கர்களுக்கு உரியது. யூதருடைய உயிர்த்தெழுதல் நம்பிக்கை, சிதைக்கப்பட்ட உடலுக்கு நீதி கேட்டுப் பிறந்தது.

இயேசுவிடம் சதுசேயர்கள் கொண்டுவந்த விடுகதையிலும் ஏழு சகோதரர்கள் வருவது கவனிக்கத்தக்கது. அவர்கள் ஆலயத்தைச் சுற்றியிருந்த செல்வாக்குள்ள கூட்டம், உயிர்த்தெழுதலை நம்பாதவர்கள். மூத்தவன் பிள்ளையில்லாமல் செத்தால் அடுத்தவன் அவன் மனைவியை மணக்க வேண்டும் என்ற மோசேயின் சட்டத்தை எடுத்துக்கொண்டு, ஏழு பேரும் ஒருத்தியையே வரிசையாக மணந்து செத்தால் மறுமையில் அவள் யாருக்கு மனைவி என்று மடக்கினார்கள். அங்கே கொள்வதும் கொடுப்பதும் இல்லை, எல்லாரும் தூதர்களைப் போல இருப்பார்கள் என்று பதில் வந்தது. துணையை இழந்தவர்களுக்கு இந்தப் பதில் சற்று வலிக்கும். திருமண உறவு அங்கே தொடராது என்று அவர் சொன்னாரே தவிர, ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாது என்று சொல்லவில்லை. மறுரூப மலையில் மோசேயும் எலியாவும் மோசேயாகவும் எலியாவாகவுமே வந்து நிற்கிறார்கள்.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் திரும்பத் திரும்ப வரும் பரலோக ராஜ்யம், மாற்கிலும் லூக்காவிலும் தேவனுடைய ராஜ்யம் என்றே இருக்கிறது. உவமைகளும் அவைதாம்: கடுகு விதை, புளித்த மாவு. செத்தபின் போகும் ஊரைப் பற்றியல்ல, கடவுளின் ஆட்சி இங்கே வேர்பிடிப்பதைப் பற்றியே அவை பேசுகின்றன. உலகத்தில் மிக அதிகமாகச் சொல்லப்படும் கிறிஸ்தவ ஜெபத்தை எடுத்துக்கொண்டாலும் இதுதான். அன்றாட ஆகாரம், பாவமன்னிப்பு, சோதனையிலிருந்து விடுதலை எல்லாம் அதில் உண்டு. எங்களை மேலே அழைத்துக்கொள்ளும் என்ற விண்ணப்பம் மட்டும் இல்லை. மேலே நடப்பது கீழேயும் நடக்க வேண்டும் என்றுதான் அது கேட்கிறது.

அப்படியானால் இறந்தவர்கள் இப்போது எங்கே? இதற்கும் புதிய ஏற்பாடு பதில் தருகிறது, ஆனால் சுருக்கமாக. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு வாக்களிக்கப்பட்டது. பவுல் தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருக்க ஆசைப்பட்டார். பிதாவின் வீட்டில் வாசஸ்தலங்கள் பல உண்டு என்று இயேசு சீடர்களுக்குச் சொன்னார். வெளிப்படுத்தின விசேஷம் 6-ஆம் அதிகாரத்தில் கொலையுண்ட சாட்சிகளின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின்கீழ் இருக்கின்றன. அவை அங்கே பாடிக்கொண்டிருக்கவில்லை. இன்னும் எவ்வளவு காலம் என்று சத்தமிட்டுக் கேட்கின்றன. கொஞ்சம் பொறுங்கள் என்று வெள்ளை அங்கி கொடுக்கப்படுகிறது. பரலோகத்தில் இருப்பவர்களே வேறொன்றுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதைப் பிரசங்கிகள் எளிதில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பவுலின் கடிதங்கள் சுவிசேஷங்களுக்கும் முந்தியவை. கி.பி. 50-ஐ ஒட்டி அவர் தெசலோனிக்கே சபைக்கு எழுதியது ஒரு சாவு வீட்டுச் சிக்கலுக்குப் பதில். ஆண்டவர் சீக்கிரம் வருவார் என்று காத்திருந்தவர்களில் சிலர் அதற்குள் செத்துப்போனார்கள். அவர்கள் கதி என்ன என்று மற்றவர்கள் கலங்கினார்கள். முதலில் மரித்தவர்கள் எழுவார்கள், பிறகு உயிரோடிருப்பவர்களும் அவர்களோடு ஆகாயத்தில் ஆண்டவருக்கு எதிர்கொண்டு போவார்கள் என்று பவுல் எழுதினார். தமிழ்நாட்டுக் கன்வென்ஷன் மேடைகளில் ‘இரகசிய வருகை’ என்று முழங்கப்படுவது இந்தப் பகுதியை வைத்துத்தான். விசுவாசிகள் திடீரென்று மறைவார்கள், பூமி உபத்திரவத்துக்கு விடப்படும் என்ற அந்த விளக்கம் அப்போஸ்தலர் காலத்துப் பழமை உடையதன்று. அயர்லாந்தில் ஊழியம் செய்த ஜான் நெல்சன் டார்பி 1830-களில் அதை வகுத்தார். 1909-இல் வெளியான ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமம் அதை உலகெங்கும் பரப்பியது.

எதிர்கொண்டு போகிறவர்கள் அப்படியே வந்தவரோடு புறப்பட்டுப் போய்விடுவதில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு ஊர் எல்லைவரை போகிறவர்கள் மாப்பிள்ளையோடு ஊருக்குள்தானே திரும்புகிறார்கள்? அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தில் கைதியாக வரும் பவுலைச் சந்திக்க ரோமாபுரிச் சகோதரர்கள் அப்பியு சந்தைவரையும் மூன்று சத்திரம்வரையும் நடந்து வருகிறார்கள். பிறகு எல்லாரும் ரோமுக்குத்தான் போகிறார்கள்.

பிலிப்பி நகரத்துக்கு எழுதிய கடிதத்திலும் இதே திசை. நம் குடியுரிமை பரலோகத்தில் இருக்கிறது என்று பவுல் எழுதியதைக் கேட்டவர்களுக்குக் குடியுரிமை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். கி.மு. 42-இல் அந்த ஊருக்கு வெளியே நடந்த போருக்குப்பின் ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களுக்கு அங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அவர்களுக்கு ரோமக் குடியுரிமை இருந்தது. ஆனால் கிழவயதில் ரோமுக்குத் திரும்பிப்போக அல்ல, மக்கெதோனியாவில் ரோமின் சட்டமும் வாழ்வும் நிலைக்கத்தான் அவர்கள் அனுப்பப்பட்டார்கள். டர்ஹாமில் ஆயராக இருந்த என்.டி.ரைட் இந்த ஒப்புமையை விரிவாக எழுதியிருக்கிறார். பவுலின் அடுத்த வரியும் அதற்கு இசைகிறது: அங்கிருந்து இரட்சகர் இங்கே வருவார், நம் அற்பமான உடலை மாற்றுவார். கொரிந்தியருக்கு அவர் உடலை விதைக்கு ஒப்பிட்டார். இன்னொரு கடிதத்தில், 14 ஆண்டுகளுக்குமுன் மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு மனிதனைத் தெரியும் என்கிறார், அவரையேதான் குறிப்பிடுகிறார். அங்கே கேட்டதைச் சொல்லக்கூடாது என்று அத்தோடு வாயை மூடிக்கொள்கிறார். செத்துப் பிழைத்து மோட்சத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகப் புத்தகம் போடுகிறவர்கள் இந்த அடக்கத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இனி பத்மு தீவு. இன்றைய துருக்கிக் கரைக்கு மேற்கே, சுமார் 34 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாறைத் தீவு. விசுவாசத்தின் பொருட்டு அங்கே இருந்ததாகச் சொல்லும் யோவான் தாம் கண்டதை வெளிப்படுத்தின விசேஷமாக எழுதினார். ரோமப் பேரரசன் தொமித்தியன் ஆட்சியின் கடைசிக் காலத்தில், அதாவது கி.பி. 95 வாக்கில், என்பது ஆதிச் சபைத் தந்தை இரேனியு தரும் தகவல். அவர் கண்ட புதிய எருசலேமின் அளவு மலைக்க வைக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம். ஒவ்வொன்றும் 12,000 ஸ்தாதி, ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து டெல்லிவரை நேர்கோடு இழுத்தால் வரும் தூரம், வானத்தை நோக்கியும் அவ்வளவே. மதிலோ 144 முழம்தான், சுமார் 65 மீட்டர். கட்டடப் பொறியாளர் இந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் சாலொமோன் கட்டிய ஆலயத்தைத் தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். அங்கே மகா பரிசுத்த ஸ்தலம் நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 முழம். பிரதான ஆசாரியன் மட்டும், அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை நுழையும் கனசதுர அறை. யோவான் கண்டதில் அந்த அறையே நகரமாகிவிட்டது. அதனால்தான் அங்கே ஆலயம் என்று தனியாக ஒன்று இல்லை.

முத்துக்குத் திரும்பலாம். யோவானின் புத்தகத்தில் முத்து வருவது பரலோக வாசலில் மட்டுமன்று. மூன்று அதிகாரம் முன்னால், பாபிலோன் என்ற மறைபெயரில் ரோம் வீழும்போது, இனி யாரும் தங்கள் சரக்கை வாங்கமாட்டார்களே என்று வியாபாரிகள் அழுகிறார்கள். அந்தச் சரக்குப் பட்டியல் நீளமானது: பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, பட்டு, இரத்தாம்பரம், தந்தம், இலவங்கப்பட்டை, தூபவர்க்கம், திராட்சரசம், எண்ணெய், கோதுமை, ஆடுமாடு, குதிரை. பட்டியலின் கடைசியில் அடிமைகள், மனித உயிர்கள். ரோமின் முத்துப் பைத்தியம் கற்பனையல்ல. பேரரசன் கலிகுலாவின் மனைவியாக இருந்த லோலியா பவுலினா ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கே நான்கு கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள முத்தும் மரகதமும் தலையிலும் காதிலும் கழுத்திலும் பூட்டிக்கொண்டு வந்ததைத் தாமே பார்த்ததாக ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

அந்த முத்துகள் வந்த வழிகளில் ஒன்று நம் கரை. பெரிப்ளூஸ் என்று அறியப்படும் முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடு பாண்டிய நாட்டுக் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. மூழ்கி எடுத்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் சொல்கிறது. மூச்சை அடக்கிக் கடலடியில் சிப்பி பொறுக்கிய கைதியைப் பத்மு தீவுக்காரருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் முத்தும் மனித உயிரும் ஒரே விலைப்பட்டியலில் இருப்பதை அவர் கண்டுகொண்டார். பிறகு அதே முத்தை எடுத்து யாருக்கும் அடைக்கப்படாத வாசலாக நிறுத்தினார். விற்கவும் வாங்கவும் முடியாத இடத்தில். கடலும் இனி இல்லை என்று அவர் எழுதியதைத் தீவில் கிடந்தவரின் ஏக்கமாகவும் படிக்கலாம், ரோமின் சரக்குக் கப்பல்களுக்கு வழி அடைபட்டதாகவும் படிக்கலாம். கொற்கைக் கரையோரத்து முத்துக்குளிக்கும் பரதவர்கள் 1530-களில் கத்தோலிக்கம் தழுவினார்கள். பிரான்சிஸ் சேவியர் 1542-இல் அவர்களிடம் வந்தார். முத்து வாசலைப் பற்றிக் கேட்டபோது, முத்தின் விலை அவர்களுக்கு ஐரோப்பியர் யாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

இடைக்காலத் திருச்சபை இந்த இரண்டு கட்டங்களையும், அதாவது இறந்தபின் காத்திருப்பையும் கடைசி உயிர்த்தெழுதலையும், எப்படிப் பொருத்துவது என்று வெகுவாகத் திணறியது. அந்தத் திணறல் ஒரு போப்பையே பிடித்துக்கொண்டது. அவிஞ்ஞோனில் இருந்த இருபத்திரண்டாம் யோவான், 1331-ஆம் ஆண்டு சகல பரிசுத்தவான்கள் திருநாளில், இறந்த புனிதர்கள் உயிர்த்தெழுதல் நாள்வரை கடவுளை முகமுகமாகக் காண்பதில்லை என்று பிரசங்கம் செய்தார். அவருக்கு ஆதாரம் அந்தப் பலிபீடத்தின்கீழ் இருக்கும் ஆத்துமாக்கள்தான். பாரிஸ் பல்கலைக்கழக இறையியலாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் அரசன் ஆறாம் பிலிப்பும் தலையிட்டான். புனிதர்களே இன்னும் கடவுளைக் காணவில்லையென்றால் அவர்களிடம் பரிந்துரை கேட்டு மெழுகுவத்தி ஏற்றும் மக்கள் என்ன ஆவது? தொண்ணூறை எட்டிய முதியவர் 1334 டிசம்பர் 3-ஆம் தேதி சாவுப் படுக்கையில் தம் கருத்தைத் திரும்பப் பெற்றார், மறுநாள் இறந்தார். அவருக்குப்பின் வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336 ஜனவரி 29-இல், தூய்மையடைந்த ஆத்துமாக்கள் உடனே கடவுளைக் காண்கின்றன என்று முடிவாக அறிவித்தார். இருநூறு ஆண்டு கழித்துச் சீர்திருத்தக்காரர்களிடையே மறுபடி இதே வழக்கு. லுத்தர் ஆத்துமாவின் உறக்கத்தைப் பற்றி இணக்கமாகவே பேசினார். கால்வின் இளவயதில் எழுதிய முதல் இறையியல் நூலே அந்த உறக்கக் கொள்கைக்கு மறுப்பு.

1336-க்குப்பின் மக்கள் மனத்தில் முதல் கட்டம் பெருத்தது, இரண்டாவது இளைத்தது. உடனே கிடைக்கும் ஆறுதலுக்குத்தான் கிராக்கி. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப்பின், 1868-இல், எலிசபெத் ஸ்டூவர்ட் ஃபெல்ப்ஸ் எழுதிய நாவல் பெரும் விற்பனை கண்டது. போரில் அண்ணனை இழந்த பெண்ணுக்கு அத்தை காட்டும் பரலோகத்தில் வீடுகள் உண்டு, பியானோ உண்டு, குழந்தைகளுக்கு இஞ்சி பிஸ்கட்டும் உண்டு. இறையியலாளர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த அத்தை, மெலிந்த ஆவிகள் மிதக்கும் பரலோகத்தைவிட விவிலியத்துக்குக் கொஞ்சம் அருகில் இருந்தாள் என்றே சொல்ல வேண்டும். ஏசாயா 65-இல் வரும் புதிய பூமியில் மனிதர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், திராட்சைத் தோட்டம் போட்டுத் தாங்களே சாப்பிடுகிறார்கள். கட்டுபவன் ஒருவன், குடியிருப்பவன் இன்னொருவன் என்ற நிலை அங்கே இல்லை.

தமிழில் எச்.ஏ.கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற அவர், ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைக் கம்பன் நடையறிந்த புலமையோடு காவியமாக்கினார். பன்யனின் கதையில் மோட்ச நகரம் சாவு ஆற்றுக்கு அக்கரையில் அசையாமல் நிற்கிறது. மனிதன்தான் அழிவின் ஊரைவிட்டு ஓடுகிறான். வீடுபேறு, முத்தி, வைகுந்தம் என்று விட்டுப்போதலையே பேசிப் பழகிய மொழிக்கு அந்தப் பயணம் இயல்பாக ஒட்டிக்கொண்டது. காவியமாக அது பெரிய வெற்றி. இறங்கி வரும் நகரத்துக்கு இணையான ஒரு தமிழ்க் காவியம், அறிந்தவரை, இன்னும் எழுதப்படவில்லை.

இறையியல் சிக்கல் என்று ஒதுக்க முடியாதபடி, உடலின் உயிர்த்தெழுதல் பற்றிய கேள்வி இன்று நகரங்களில் கல்லறைத் தோட்ட அலுவலகம்வரை வந்துவிட்டது. இடம் இல்லை, குடும்பக் கல்லறையைத் திறந்து, முன்னவரின் எலும்புகளை ஒதுக்கிவிட்டு அடுத்தவரை வைக்கிறார்கள். அப்படியானால் எரித்துவிட்டால் என்ன என்று இளையவர்கள் கேட்கிறார்கள். உடம்பே இல்லாவிட்டால் எப்படி எழுவார் என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு அகுஸ்தீன் பழைய காலத்திலேயே பதில் எழுதிவிட்டார். 410-இல் ரோம் சூறையாடப்பட்டபோது புதைக்க ஆளில்லாமல் கிடந்த கிறிஸ்தவர்களை எதிரிகள் ஏளனம் செய்தார்கள். கடவுளின் நகரம் என்ற தம் நூலின் முதல் பகுதியிலேயே, விலங்கு தின்ற உடலும் எழுவதற்குத் தடையில்லை என்று அவர் வாதிட்டார். கடைசிப் பகுதியில் உயிர்த்த உடலின் வயது, முடி, நகம்வரை ஆராய்ந்துவிட்டு, இரத்தசாட்சிகளின் தழும்புகள் மட்டும் அழகாக அப்படியே இருக்கும் என்றும் கருதினார். கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் தகனத்தை அனுமதித்தது. 2016-இல் வந்த வத்திக்கான் அறிவுரை, சாம்பலைக் காற்றிலோ கடலிலோ தூவக்கூடாது, குடும்பத்தார் பங்கிட்டுக்கொள்ளக்கூடாது, புனித இடத்தில் மொத்தமாக வைக்க வேண்டும் என்றது. 2023 டிசம்பரில் சற்றே தளர்த்தி, இறந்தவருக்கு முக்கியமாயிருந்த ஓரிடத்தில் சாம்பலின் சிறு பகுதியை வைக்கத் திருச்சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம் என்று சேர்த்துக்கொண்டது.